நான்கு ஆணிகளுக்கு நடுவில்

ஜூன் 4

அன்புள்ள மைக்,

தாள் வந்து சேர்ந்தது. வழக்கம்போல மடித்துக் கசக்கித்தான் உறைக்குள் திணித்திருக்கிறாய். பிளாஸ்டிக் தாளை மடிக்காதே, சுருட்டு என்று எத்தனை தடவை எழுதுவது? ஆனாலும் ஜன்னல் கண்ணாடியில் ஒட்டி, ஏப்ரல் மாதத் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். நாலு ஆணிப் புள்ளிகளும் அச்சாகப் பொருந்தின. மேல் பக்கம் ஒரு மயிரிழை வளர்ந்திருக்கிறது. கீழ் ஓரத்தில் அந்த நத்தை மறுபடியும் மேய்ந்திருக்கிறது. அதை விரட்டாதே. அதுவும் கணக்கில் சேர்த்திதான்.

என்னோடு அறையில் இருப்பவள் அதைப் பார்த்துவிட்டு, "இது எந்த ஊர் மேப்பு?" என்றாள்.

"மேப்பு இல்ல. நான் படிச்ச இடத்துல, நூலகத்துப் பின்சுவத்துல லைக்கன் வளருது. கல்லுல சாம்பல் கலர்ல திட்டுத் திட்டா படருமே, அது. சுத்தி நாலு ஆணி அடிச்சு வெச்சிருக்கோம். ஆறு வருஷமா, ரெண்டு மாசத்துக்கு ஒரு தடவ தாள வெச்சு அதோட ஓரத்த வரையறோம்."

"வரைஞ்சு?"

"எவ்வளவு வளருதுன்னு பாப்போம். காத்து கெட்டுப்போனா அது சுருங்கும்."

"இதுக்கா ஆறு வருஷம்?" என்று கேட்டுவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டாள்.

அவளுக்குப் பகல் ஷிப்ட், எனக்கு இரவு. இருவருக்கும் ஒரே கட்டில். நான் வந்து படுக்கும்போது தலையணையில் அவளுடைய சூடு மிச்சமிருக்கும். இந்த ஊரில் எனக்கு வாய்த்த நெருங்கிய உறவு அந்தச் சூடுதான்.

முன்னாள் மாணவர் ஆய்வுரையைத் தொழிற்சாலை கேன்டீனில் உட்கார்ந்து போனில் கேட்டேன். பேசியவர் நம் பழைய துறைத் தலைவர் என்றதும் பயமாகக்கூட இருந்தது. கேள்வி நேரத்தில் நானும் ஒன்று தட்டினேன்: "சார், உங்கள் வரைபடத்தில் வெயில் மாதங்களின் அளவுகள் இல்லையே. விட்டுப்போனதா, எடுக்கவே இல்லையா?" திரையில் என் பெயர் வரவில்லை. 'விருந்தினர்' என்று வந்தது. நீ அடுத்த கேள்வியைப் படித்தாய். அதற்கு அடுத்ததையும் படித்தாய். "ஐயாவின் இளமையின் ரகசியம் என்ன?" என்பதைக்கூட அந்த வெண்கலக் குரலில் படித்தாய். என்னுடையதைப் படிக்கவில்லை.

கோபமில்லை. உன் குரலைக் கேட்டதே போதும்.

பொய். கோபம்தான். பதில் எழுது. போன் வேண்டாம். போனில் நீ கத்துவாய், நான் அழுவேன், இருவருக்கும் ஒன்றும் மிஞ்சாது.

உன்
ஓணான்


ஜூன் 19

சுவரைப் பிரிந்த ஓணானுக்கு மைக் எழுதுவது,

உன் கேள்வியைப் பார்த்தேன். அது நல்ல கேள்வி, அதனால்தான் படிக்கவில்லை. பக்கத்தில் எங்கள் முன்னாள் மாணவர் அலுவலகத்து இயக்குநர் உட்கார்ந்திருந்தார். "கஷ்டமான கேள்வியெல்லாம் எடுக்காதம்மா, அவர் டொனேஷன் குடுக்கப்போற நேரம்" என்று காதில் சொன்னார். நானும் இளமையின் ரகசியத்தைக் கேட்டேன். காலை நடைப்பயிற்சியாம். எழுதி வைத்துக்கொள்.

'விருந்தினர்' சமாச்சாரம் இதுதான்: பட்டம் வாங்கினவர்களை மட்டும்தான் எங்கள் கம்ப்யூட்டர் முன்னாள் மாணவர் என்று ஒப்புக்கொள்ளும். பாதியில் போனவர்களுக்கு அதில் இடமில்லை. நாலு வருஷம் அந்தச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்று ஓணான் என்று பேர் வாங்கியவள் விருந்தினர். வகுப்பு வாசலையே மிதிக்காமல் மாலை நேரப் பட்டயம் வாங்கிய ஒரு கட்டட முதலாளி 'பெருமைமிகு முன்னாள் மாணவர்'. உன் உதவித்தொகைத் தாளில் கையெழுத்துப் போடாமல் இழுத்தடித்து உன்னை ஊரைவிட்டே ஓட வைத்தாரே உன் வழிகாட்டி, அவருக்குப் போன மாதம் நினைவுப் பரிசு. அதைத் தட்டில் ஏந்திக்கொண்டு மேடைக்குப் போனவள் நான். சிரிக்கவும் செய்தேன். ஆறு மாதத்துக்கு ஒரு முறை ஒப்பந்தம் புதுப்பிக்கிற வேலையில் முகத்தைத் தனியாக வைத்துக்கொள்ள முடியாது.

சத்தமாகப் பேசுகிறேன் என்று எனக்கு மைக் என்று பேர் வைத்தீர்கள். இப்போது என் வேலையே, யார் கை தூக்குகிறார்களோ அவர்களிடம் மைக்கை எடுத்துக்கொண்டு ஓடுவது. என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வெளியே வந்து வெகு நாளாயிற்று.

புலம்பல் போதும், விஷயத்துக்கு வருகிறேன். உட்கார்ந்து படி. டிசம்பரில் முன்னாள் மாணவர் நாள். அதில் இந்த வருஷம் ஆய்வுரைகளும் உண்டு. நம் துறைக்குப் புதிதாக ஒரு மேடம் வந்திருக்கிறார். அவரிடம் உன் தாள்களைப் பற்றிச் சொன்னேன்.

"ஒரே திட்டு, ஒரே நாலு ஆணி, ஆறு வருஷமாவா? யாரு எடுக்கிறா?"

"நாலு வருஷம் அவ எடுத்தா மேடம். அவ போனதுக்கப்புறம் நான் வரைஞ்சு அனுப்புறேன்."

"வந்து பேசச் சொல்லுங்க. தொடர் அறுபடாம இருந்தா நானே வழிகாட்டியா இருந்து மறுபதிவு பண்ணி எடுத்துக்கிறேன். நடுவுல அறுந்திருந்தாதான் ஒண்ணும் பண்ண முடியாது."

கேட்டாயா? உனக்கு இருபது நிமிஷம் வாங்கிவிட்டேன். பெரிய அரங்கம் வேண்டாம் என்று சண்டை போட்டு நூலக மாடி அறையைக் கேட்டிருக்கிறேன். பேசி முடித்ததும் எல்லோரையும் படியிறக்கிப் பின்பக்கம் கூட்டிப்போய்ச் சுவரைக் காட்டலாம். அவ்வளவு பெரிய மனிதர்களும் கோட்டு சூட்டோடு குனிந்து உன் திட்டைப் பார்க்கட்டும்.

வருகிறாய். அவ்வளவுதான்.

உன்
மைக்


ஜூலை 11

என் மைக்கே,

உன் கடிதத்தைக் குளியலறையில் கதவைச் சாத்திக்கொண்டு படித்தேன். இங்கே தனியாக இருக்க வேறு இடமில்லை. ஒரு தடவை படித்துவிட்டுத் தண்ணீரைத் திறந்துவிட்டேன், வெளியே சத்தம் கேட்கக் கூடாதென்று.

சூப்பர்வைசரிடம் லீவு கேட்டேன்.

"எதுக்கு? கல்யாணமா?"

"இல்ல. பேசப் போறேன்."

"பேசவா? இங்கயே பேசேன், யாரு வேணாங்கிறா?"

இங்கே பேச்சு எங்கே இருக்கிறது? என் வேலை உனக்குத் தெரியுமல்லவா? மாத்திரை அட்டைகள் பெல்ட்டில் வரும். எதிலாவது ஒரு குழி காலியாக இருந்தால் எடுத்துத் தள்ள வேண்டும். காதில் அடைப்பான், வாயில் முகமூடி. இரவு முழுக்கக் காலிக் குழிகளைத் தேடுகிறேன். வீட்டுக்குப் பணம் போகிறது, தம்பியின் படிப்பு ஓடுகிறது, ஆகவே நான் நன்றாக இருக்கிறேன் என்று அம்மா அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்கிறாள்.

இப்போது அட்டைகளைப் பார்த்துக்கொண்டே முகமூடிக்குள் உரையைச் சொல்லிப் பார்க்கிறேன். "அனைவருக்கும் வணக்கம். நான் இந்த நூலகத்தின் பின்சுவரில் நான்கு ஆண்டுகள் நின்றவள்." நன்றாக இருக்கிறதா? அதிகப்பிரசங்கித்தனமாக இருக்கிறதா?

ஆகஸ்ட் தாளை மறக்காதே. பேனா மை தீர்ந்திருந்தால் வேறு வாங்கு. உனக்கு நான் என்ன செய்யப் போகிறேன் என்று தெரியவில்லை. ஆய்வு முடிந்தால் முதல் பக்கத்தில் உன் பெயர். நிஜப் பெயர்.

உன்
ஓணான்


ஆகஸ்ட் 24

அன்புள்ள ஓணான்,

சொன்ன வேலையைச் செய்துவிட்டேன். தாள் இதோடு இருக்கிறது. இந்தத் தடவை மடிக்கவில்லை, சுருட்டி அட்டைக் குழாயில் போட்டிருக்கிறேன். இனிமேல் குறை சொல்ல முடியாது.

இயக்குநர் நூலக மாடியை வந்து பார்த்தார். அறை பிடித்துவிட்டது. நாற்காலி புதிதாக வரப்போகிறது, திரை புதிதாக வரப்போகிறது. உன் உரை மதியச் சாப்பாட்டுக்கு முன்னால். சாப்பாட்டுக்குப் பின்னால் போட்டால் எல்லோரும் தூங்குவார்கள் என்று நான்தான் மாற்றச் சொன்னேன்.

இங்கே வெயில் கொளுத்துகிறது. நீ தாள் கேட்ட நாளிலிருந்து ஒரு சொட்டு மழை இல்லை. நான் இருக்கும் வீட்டில் குழாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. வீட்டுக்காரம்மா, "தனி ஆளுதானே, உனக்கெதுக்கு ரெண்டு குடம்?" என்கிறார். தனி ஆள் குளிக்கக் கூடாது போலிருக்கிறது. நேற்று ஒப்பந்தம் புதுப்பித்தாயிற்று, இன்னும் ஆறு மாதத்துக்குக் கவலையில்லை. அலுவலகத்துப் பூனை குட்டி போட்டிருக்கிறது. மேடம் உன்னைக் கேட்டார். நன்றாகத் தயார் செய்கிறாள் என்றேன்.

உரையின் முதல் வரி நன்றாக இருக்கிறது. மாற்றாதே.

வேறென்ன, வேளைக்குச் சாப்பிடு.

மைக்


செப்டம்பர் 16

அன்புள்ள மைக்,

லீவு கிடைத்துவிட்டது. இரண்டு பேருடைய ஞாயிற்றுக்கிழமைகளையும் நான் வேலை பார்த்துக் கொடுக்க வேண்டும், பரவாயில்லை. டிக்கெட்டும் எடுத்தாயிற்று. அறைத்தோழியிடம் சொன்னேன். "அப்போ அந்த ஒரு வாரம் கட்டில் முழுக்க எனக்கா?" என்று சந்தோஷப்பட்டாள். பிறகு என்ன நினைத்தாளோ, "போயிட்டு வந்துடுவல்ல?" என்றாள். இந்த ஊரில் என்னை யாரோ எதிர்பார்ப்பது இதுதான் முதல் தடவை.

எனக்கு ஒரு படம் வேண்டும். உரையில் முதலில் காட்டச் சுவரின் படம். நாலு ஆணியும் தெரிய வேண்டும். காலை வெளிச்சத்தில் எடு, நிழல் விழாது. இதற்குக் கடிதம் எழுதி நாளைக் கடத்தாதே. போனில் எடுத்து உடனே அனுப்பு.

நீ கொஞ்சம் சுருக்கமாக எழுதுகிறாய். வேலை அதிகமா? என்னையும் கேட்கவில்லை, திட்டவும் இல்லை. குட்டி போட்ட பூனைக்குக் கொடுத்த இடம்கூடச் சுவருக்குக் கொடுக்கவில்லை.

உன்
ஓணான்


அக்டோபர் 9

அன்புள்ள ஓணான்,

படம் அனுப்ப முடியவில்லை, கோபித்துக்கொள்ளாதே. போன் கீழே விழுந்து கேமரா போய்விட்டது. வேறு யாரிடமாவது வாங்கி எடுக்கிறேன். அந்தப் பக்கம் நாற்காலி, மேசை எல்லாம் அடுக்கி வைத்திருக்கிறார்கள், போக வழியில்லை. ஆனால் தாள் எடுத்துவிட்டேன். நன்றாக வளர்ந்திருக்கிறது, பார். உனக்குச் சந்தோஷமாக இருக்கும்.

அழைப்பிதழும் வைத்திருக்கிறேன். மூன்றாவது வரியில் உன் பெயர். அதற்குக் கீழே 'முன்னாள் மாணவி' என்று போட வைத்தேன். கம்ப்யூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. அச்சகத்துக்கே போய் நின்று கையால் சேர்க்கச் சொன்னேன்.

நீ வரும்போது என் அறையிலேயே தங்கு. பாய் வாங்கிவிட்டேன்.

மைக்


நவம்பர் 3

மைக்,

அழைப்பிதழ் அழகாக இருக்கிறது. அறைத்தோழி அதைக் கண்ணாடி ஓரத்தில் செருகி வைத்தாள். நான் எடுத்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டேன்.

ஜூன், ஆகஸ்ட், அக்டோபர் தாள்கள் மூன்றையும் ஜன்னலில் ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினேன். ஆகஸ்டில் ஒரு சுற்று, அக்டோபரில் இன்னொரு சுற்று. நாலு பக்கமும் ஒரே அளவாக வளர்ந்திருக்கிறது. மழையில்லை, குழாயில் காற்று வருகிறது என்று எழுதியிருந்தாய். மழையில்லாத மாதத்தில் அது வளராது, மைக். மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடக்கும். நீ வரைந்து அனுப்பினாயே தவிர ஒரு தாளின் மேல் இன்னொரு தாளை வைத்துப் பார்த்ததில்லை. அதனால் உனக்குத் தெரியாது.

கீழ் ஓரத்தில் நத்தை தின்ற இடத்தை நீ ஆற்றிவிட்டாய். நிஜத்தில் அது மூட வருஷக்கணக்காகும். நீ ஆசையில் மூடிவிட்டாய். சுவரில் தாளை வைத்து வரைந்தால் கல்லின் சொரசொரப்பில் பேனா துள்ளும். ஆறு வருஷக் கோடுகளும் நடுங்கிக்கொண்டே வந்தவை. இந்த இரண்டும் மேசையில் வைத்து வரைந்த கோடுகள். போதாக்குறைக்குச் சுருட்டி வேறு அனுப்பினாய். நீ எதையும் சுருட்டி அனுப்புகிறவள் இல்லை.

என்ன பண்ணினார்கள்? இடித்தார்களா, வெள்ளையடித்தார்களா? அதை மட்டும் சொல்.

மேடத்துக்கு எழுதிவிட்டேன். தொடர் ஜூனோடு முடிந்தது, நான் வரவில்லை என்று. உன் பெயரை எழுதவில்லை. டிக்கெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். ஞாயிற்றுக்கிழமைகளை ஏற்கெனவே வேலை பார்த்தாயிற்று, அதைத் திருப்பிக் கொடுக்க வழியில்லை.

இரவு முழுக்கக் காலிக் குழியைத் தேடுகிறேன். காலியாக வரும் அட்டை மேல் எனக்குக் கோபம் வருவதில்லை. உள்ளே சுண்ணாம்பு உருண்டையை வைத்து மூடி அனுப்பினால் என்ன செய்வது? அதைத் தின்கிறவள் நோய் தீரும் என்று காத்திருப்பாள். நான் நான்கு மாதம் காத்திருந்தேன்.

உன் நிகழ்ச்சி நல்லபடியாக நடக்கட்டும்.

இப்படிக்கு
விருந்தினர்


நவம்பர் 20

ஓணான்,

வெள்ளை இல்லை. சந்தன நிறம். இரண்டு கோட்டு.

ஜூலைக் கடைசியில் நடந்தது. சிறப்பு விருந்தினரின் செயலாளர் ஏற்பாடுகளைப் பார்க்க வந்தார். அவரை அழைத்துவர என்னைக் கார் கொடுத்து அனுப்பினார்கள். திரும்பி வந்தபோது நூலகத்தைச் சுற்றி ஏணி நின்றது. முன்பக்கம் இன்னும் ஆரம்பிக்கவில்லை. பின்பக்கத்திலிருந்து தொடங்கியிருக்கிறார்கள். ஓடினேன். பெயின்டர் ஏணியில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்.

"இந்தப் பாசியத் தேய்ச்செடுக்கத்தாம்மா நேரமாச்சு. கம்பி பிரஷ் போட்டாக்கூட விட மாட்டேங்குது. கெட்டியான சாமான்" என்றார். பாராட்டித்தான் சொன்னார்.

இயக்குநர் அறைக்குப் போனேன். அங்கே சுவர் இருந்தது, ஆணி இருந்தது, ஆராய்ச்சி இருந்தது என்றேன். அவருக்குப் புரியவே இல்லை. "உன் ப்ரோகிராம்தானேம்மா? நீதானே நூலகம்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்ன? பெரிய மனுஷங்க வர்ற இடம், அழுக்காவா விட முடியும்? உனக்காகத்தான் பட்ஜெட்ல இழுத்துப் போட்டேன்" என்றார்.

நான் "தேங்க்ஸ் சார்" என்றேன்.

ஒப்பந்தத் தாள் அவர் மேசையில் கிடந்தது. கையெழுத்து இன்னும் போடவில்லை. அந்த மேசையைப் பார்த்துக்கொண்டே தேங்க்ஸ் சார் என்றேன். உன்னிடம் சொல்லாமல் நான் வைத்துக்கொண்டது சுவரை இல்லை, அந்த இரண்டு வார்த்தையைத்தான்.

அப்புறம் உன் கடிதம் வந்தது. குளியலறையில் தண்ணீரைத் திறந்துவிட்டேன் என்று எழுதியிருந்தாயே, அது. அதைப் படித்த பிறகு வெறும் தாளை எப்படி அனுப்புவேன்? என்னிடம் இருந்த ஜூன் தாளின் நகலை அடியில் வைத்துக் கொஞ்சம் தள்ளித் தள்ளி வரைந்தேன். நத்தை தின்றது மட்டும் எனக்குப் பார்க்கப் பொறுக்கவில்லை.

உன் தொடரை நான் அறுத்தேன். வெள்ளைக் காலர் போட்ட ஒரு கூட்டத்துக்கு உன்னைக் காட்டுகிறேன் என்று போய், உன் சுவரையே அவர்களுக்குத் துடைத்துக் கொடுத்துவிட்டேன். திட்டி எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

மைக்


டிசம்பர் 21

ஓணான்,

பதில் வரவில்லை. அது நியாயம்தான்.

நிகழ்ச்சி முடிந்தது. உன் இருபது நிமிஷத்தில் கட்டட முதலாளியின் கம்பெனிப் படத்தைப் போட்டார்கள். எல்லோரும் கைதட்டினார்கள். மேசைமேல் உன் பெயர் அட்டை கொஞ்ச நேரம் இருந்தது. யாரோ அதன் மேல் காபிக் கோப்பையை வைத்தார்கள். நான் போய் எடுத்துக்கொண்டேன். என்னிடம்தான் இருக்கிறது.

பழைய துறைத் தலைவர் மறுபடியும் அதே வரைபடத்தைக் காட்டிப் பேசினார். கேள்வி நேரத்தில் ஒருவரும் கை தூக்கவில்லை. மைக் என் கையில் இருந்தது. அதைக் கீழே வைத்துவிட்டு, "சார், வெயில் மாதங்களோட அளவு இதுல இல்லையே. விட்டுப்போச்சா, எடுக்கவே இல்லையா?" என்று கேட்டேன். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. "இது யாரோட கேள்வி?" என்றார். "இங்க படிச்ச ஒருத்தியோடது" என்றேன். அவர் தண்ணீர் குடித்தார். இயக்குநர் எழுந்து, எல்லோரையும் சாப்பாட்டுக்கு அழைத்தார்.

பிப்ரவரியில் ஒப்பந்தம் முடிகிறது. இனிப் புதுப்பிக்க மாட்டார்கள் என்று என்னிடம் யாரும் சொல்லவில்லை. வணக்கம் வைத்தால் திரும்பி வணக்கம் வருவதில்லை, அவ்வளவுதான். மத்தியானம் எல்லோரும் கூட்டமாகச் சாப்பிடுகிறார்கள், நான் பூனையோடு சாப்பிடுகிறேன். நீ அங்கே எப்படிச் சாப்பிடுகிறாய் என்று இத்தனை நாளில் நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

சாப்பிட்டு முடித்து எல்லோரும் பின்பக்கம் வந்து அந்தச் சுவரில் சாய்ந்து படம் எடுத்துக்கொண்டார்கள். சந்தன நிறம் முகத்துக்கு எடுப்பாக இருக்கிறதாம். அவர்கள் போகும்வரை காத்திருந்தேன்.

ஆணிகளுக்கும் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். விரலால் தடவித்தான் கண்டுபிடித்தேன். நகத்தால் சுரண்டினேன், துரு தெரிந்தது. நாலும் இருக்கின்றன. தாளைச் சுவரில் வைத்து வரைந்தேன். டிசம்பர் தாள் இதோடு இருக்கிறது. ஆணி நாலு. நடுவில் ஒன்றும் இல்லை.

வேலை போனாலும் இந்த ஊரில்தான் இருப்பேன். பிப்ரவரித் தாள் வரும்.

மைக்


ஜனவரி 28

மைக்,

தாள் வந்தது. மடித்துக் கசக்கித்தான் அனுப்பியிருக்கிறாய்.

ஜூன் தாளின் மேல் வைத்துப் பார்த்தேன். நாலு ஆணியும் பொருந்துகின்றன. இந்த அளவு சரி.

ஓணான்